கூடம் கோணல்தான், நடுவர் அவர்களே!

('வாங்கிய வாகனம் பழுதானால் பெரிதும் பொறுப்பு செய்தவரா, ஓட்டுபவரா?' என்ற பட்டிமன்றத்தில், 'செய்தவரே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாகப் பேசினாங்க. முடிக்கும்போது ஒரு பழமொழியும் சொன்னாங்க. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' ஓட்டத் தெரியாதவன்தான் கியர் சரியில்லை, கிளட்ச் சரியில்லை, கம்பெனி சரியில்லைன்னு புலம்புவான்னு சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. கைதட்டலும் வாங்கினாங்க. நானும் தட்டினேன். நல்ல பழமொழிக்குத் தட்டலேன்னா அப்புறம் நான் என்ன தமிழ் வாத்தியார்?

ஆனா நடுவர் அவர்களே, எனக்கு ஒரு சந்தேகம். கூடம் நிஜமாகவே கோணலா இருந்தா என்ன பண்றது? ஆடுறவளுக்கு ஆட்டம் நல்லாவே தெரியும். தரைதான் சரிஞ்சு கிடக்கு. அவள் தடுமாறுறா. தரையைப் போட்ட கொத்தனார் ஓரமா நின்னுக்கிட்டு, 'அம்மா, உங்களுக்கு ஆடத் தெரியலை'ங்கிறார். அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்? இன்னிக்கு நான் பேசப்போறது அந்தக் கொத்தனாரைப் பத்தித்தான். (கைதட்டல்)

என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குறேன். சில வருஷத்துக்கு முன்னால கியர் தானே மாறுகிற கார் ஒன்று வாங்கினோம். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். என் மனைவிக்கு இடது முழங்காலில் வலி. கிளட்சை மிதிச்சு மிதிச்சு ஓட்ட முடியாது. 'ரெண்டே மிதிதான் மேடம். ஆக்சிலேட்டர், பிரேக். மீதியெல்லாம் வண்டி பார்த்துக்கும்'னு விற்பனைப் பையன் சொன்னான். ஐம்பது வயசுக்கு மேல அவங்களுக்கு ஒரு சிறகு முளைச்ச மாதிரி ஆச்சு. கோயிலுக்குத் தனியாப் போனாங்க, தங்கச்சி வீட்டுக்குத் தனியாப் போனாங்க. எனக்கும் நிம்மதி. கடைக்குப் போயிட்டு வாங்கன்னு என்னை யாரும் விரட்டலை.

நாலாவது மாசம் ஒரு சாயங்காலம், மதுரை தெற்குவாசல் பாலத்து ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சு. என்ஜின் ஓடுது, ஆக்சிலேட்டரை மிதிச்சா உறுமுது, வண்டி மட்டும் நகரலை. உடம்பு நடுங்குற மாதிரி ஒரு உதறல். பின்னாடி டவுன் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கலை. முன்னாடி போக முடியலை, பின்னாடி உருளுமோன்னு பயம். அவங்க வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா?

'ஏத்தத்துல எப்படி ஓட்டணும்னு உனக்குத் தெரியலை.'

அவ்வளவுதான். சாவியைக் கொண்டுபோய் ஆணியில மாட்டினாங்க. மூணு மாசம் அந்தச் சாவியை அவங்க தொடலை. மூணு மாசம் கழிச்சு அதே பாலம், அதே ஏத்தம், அதே உதறல். இந்தத் தடவை ஸ்டியரிங் என் கையில! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வரலை. வண்டியைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி அறை, ஏசி, கையில காப்பி. டை கட்டின தம்பி ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு வந்து, 'சார், வண்டியில ஒண்ணும் இல்லை. உங்க டிரைவிங் ஸ்டைல்தான் காரணம்'னார். நான் வீட்டுல சொன்ன அதே வாக்கியம்! அவர் இங்கிலீஷ்ல சொன்னார், நான் தமிழ்ல சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். ரசீதில், 'பழுது ஏதும் காணப்படவில்லை' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். பல் டாக்டர் வாசலுக்குப் போனதும் பல்வலி நின்னுபோகும் பாருங்க, இந்த உதறலும் அப்படித்தான். சர்வீஸ்காரர் உட்கார்ந்தா வண்டி பரம சாதுவாகிடும்.

அன்றிலிருந்துதான் இந்தக் கியர்பெட்டி விஷயத்தைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, நான் தனி ஆள் இல்லைன்னு தெரிஞ்சது.

தாய்மார்களுக்கும் புரியட்டும், கிளட்ச்னா என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். என்ஜின் இருக்கே, அது ஸ்டார்ட் பண்ணின நேரத்திலிருந்து நிற்காமல் சுத்திக்கிட்டே இருக்கும். சக்கரம் அப்படி இல்லை. சிக்னலில் நிற்கணும், மெதுவாக நகரணும், திடீர்னு ஓடணும். ஓயாமல் சுத்துறது மாமியார். நின்னு நின்னு போறது மருமகள்னு வெச்சுக்குங்க. ரெண்டு பேரையும் நேரே மோதவிட்டா வீடு ரெண்டாகிடும். நடுவுல ஒருத்தன் நின்னு, கொஞ்சம் இந்தப் பக்கம் உரசி, கொஞ்சம் அந்தப் பக்கம் உரசி, மெதுவா ரெண்டையும் சேர்த்து வைக்கிறான். அந்த மகன்தான் கிளட்ச். (சிரிப்பு, கைதட்டல்) தேயுறதும் அவன்தான்!

சாதாரண வண்டியில் இந்தச் சேர்த்து வைக்கிற வேலையை நம்ம இடது கால் செய்யுது. பழைய பாணி ஆட்டோமேட்டிக் வண்டியில் உரசுற தட்டுக்குப் பதிலா திரவத்தை வெச்சு என்ஜினின் சுழற்சியைக் கடத்துறாங்க. டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். பூப்போல நகரும். ஆனா அந்தக் காலத்தில் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கும். அதைக் குறைக்க வந்ததுதான் இரட்டைக் கிளட்ச் முறை. ஒரு பெட்டிக்குள் ரெண்டு கிளட்ச். 1, 3, 5 கியர்கள் ஒருத்தர் பொறுப்பு. 2, 4, 6 இன்னொருத்தர் பொறுப்பு. கல்யாணப் பந்தியைப் பாருங்க. சாம்பார் வாளிக்காரர் நகர்றதுக்குள்ள ரசம் வாளிக்காரர் கரண்டியோட தயாரா நிக்கிறார். இலையில சோறு காயறதே இல்லை. அதே மாதிரி ஒரு கியர் விலகுறப்பவே அடுத்த கியர் ஏற்கெனவே பூட்டித் தயாரா இருக்கும். அற்புதமான யோசனை. இதைக் கண்டுபிடித்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

சிக்கல் எங்கே வந்தது? இந்த இரட்டைக் கிளட்சில் ரெண்டு ஜாதி. ஒன்று எண்ணெயில் முங்கியே கிடக்கும். அதனால சூடு எளிதில் ஏறாது. இன்னொன்று உலர்ந்தது, எண்ணெய் கிடையாது. எடை குறைவு, எரிபொருளும் மிச்சம். ஆனா நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது உரசி உரசிச் சூடேறும், குளிர வைக்க எண்ணெய் இல்லை. அதைவிட முக்கியம், உலர்ந்த கிளட்சின் தட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. பட்டால் என்ன ஆகும்? எண்ணெய்க் கையோட கிணத்துக் கயிறை இழுத்துப் பாருங்க. வழுக்கும், பிடிக்கும், வழுக்கும், பிடிக்கும். வாளி உதறிக்கிட்டே வரும். அதுதான் அந்த உதறல்.

இப்போ ஆஸ்திரேலியாவுக்கு வாங்க. நான் சொல்லப்போற வழக்கு அங்கே நடந்தது, நீதிமன்றத் தீர்ப்போட பதிவாகி இருக்கிறது. ஃபோர்டு நிறுவனம் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈக்கோஸ்போர்ட் ஆகிய கார்களில் 'பவர்ஷிஃப்ட்' என்ற 6 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியை வைத்து விற்றது. உலர்ந்த ஜாதி. ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏறத்தாழ 70,000 வண்டிகள். கியர்பெட்டிக்குள் இருக்க வேண்டிய எண்ணெய், அச்சுத் தண்டின் ரப்பர் அடைப்பு வழியாகக் கசிந்து கிளட்ச் தட்டுக்குப் போனது. அது போதாதென்று, கியரை மாற்றச் சொல்லி உத்தரவு போடும் சின்ன மின்னணு மூளை ஒன்று இருக்கிறதே, அதில் பற்றவைத்த இடங்கள் விரிசல் விட்டன. ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய்விடும். நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது வண்டி திடீரென்று சோர்ந்துபோனால், குழந்தைகள் பின்சீட்டில் இருந்தால், அந்தத் தாயின் நெஞ்சு எப்படி அடிச்சுக்கும்?

விற்ற 70,000 வண்டிகளில் ஏறத்தாழ பாதி, இந்தக் கியர்பெட்டிக்காக ஒரு முறையாவது பழுதுபார்ப்புக்கு வந்தவை. பாதி, நடுவர் அவர்களே! வகுப்பில் பாதிப் பையன்கள் ஒரே கேள்வியில் தோற்றால் நாங்கள் பையன்களைத் திட்ட மாட்டோம். கேள்வித்தாளை எடுத்துப் பார்ப்போம். இல்லேன்னா பாடம் நடத்தின வாத்தியாரைக் கூப்பிட்டு விசாரிப்போம். (கைதட்டல்)

ஆனால் அங்கே வாடிக்கையாளரிடம் என்ன சொன்னார்கள்? 'உதறலுக்குக் காரணம் நீங்கள் ஓட்டும் விதம்.' தெற்குவாசல் பாலத்து வசனம் கடல் தாண்டிப் போயிருக்கிறது பாருங்க! சும்மா தெரியாமல் சொன்னதில்லை. பெட்டியில் கோளாறு இருப்பது தெரிந்த பிறகும் சொன்னார்கள் என்பதுதான் வழக்கு. பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் பெரும்பாலும் மறுப்பு. வேறு வண்டி கொடு என்றால் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரில் 'விசுவாசம்' என்ற பொருளில் ஒரு சொல் வேறு. விசுவாசம் யாருக்கு யார் மேல் என்று கேட்காதீர்கள். புது வண்டிக்கு வாடிக்கையாளரே கணிசமான தொகை கட்டணும். பழுதான வண்டியைக் கொடுத்துட்டு, மேல பணமும் கட்டி, நன்றியும் சொல்லிட்டு வரணும்!

அப்படித் திரும்ப வாங்கிய வண்டிகளை என்ன செய்தார்கள்? மொத்த வியாபாரிகளுக்கு விற்றார்கள். சில சமயங்களில் அந்த வண்டிகளுக்கு இருந்த கியர்பெட்டிக் கோளாறைச் சொல்லாமலேயே விற்றார்கள். ஒருத்தர் வீட்டுத் தலைவலி, பொட்டலம் மாறி இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிருச்சு.

ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2015 மே மாதத்திலிருந்து 2016 பிப்ரவரி வரை புகார்களைக் கையாண்ட விதம் மனசாட்சிக்கு விரோதமானது என்று 2018 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அபராதம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர். இங்கே ஒன்றைக் கவனிக்கணும். தண்டனை கியர்பெட்டி பழுதானதற்கு இல்லை. வந்து புகார் சொன்ன மனுஷரை நடத்தின விதத்துக்கு! இயந்திரம் பழுதாகும், அது இயற்கை. அந்தப் பழுதைத் தூக்கி ஓட்டினவர் தலையில வெச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் தண்டனை.

தனியாக வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட வழக்கும் உண்டு. 2016-ல் தொடர்ந்தது. 2021-ல் நீதிபதி, இந்த வண்டிகள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு, அதற்கு மேல் முறையீடு என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை போய், 2024 நவம்பரில்தான் ஒரு முக்கியமான கேள்விக்கு விடை கிடைத்தது. கேள்வி என்னன்னா, நஷ்டத்தை எந்த நாள் கணக்கில் போடுவது? ஒரு மாம்பழம் வாங்குறீங்க. வாங்கும்போது தளதளன்னு இருக்கு. வீட்டுக்கு வந்து அறுத்தா உள்ளே வண்டு. வியாபாரி சொல்றான், 'வாங்கின நேரத்துல நல்லாத்தானே இருந்தது, யாருமே வண்டைப் பார்க்கலையே.' நீதிமன்றம் சொன்னது: மதிப்பு வாங்கின நாள் கணக்குத்தான், ஆனா உள்ளே வண்டு இருந்ததுன்னு பின்னாடி தெரிஞ்சதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த மதிப்பைச் சொல்லணும். எவ்வளவு நியாயம் பாருங்க! ஆனா அந்த நியாயம் வந்து சேர 8 வருஷம். அதுக்குள்ள எத்தனை பேர் வண்டியை வந்த விலைக்கு வித்துட்டுப் போயிருப்பாங்க!

அமெரிக்காவிலும் இதே பெட்டிதான். அங்கே ஏறத்தாழ 19 லட்சம் வண்டிகள். நிறுவனம் 2014-ல் கிளட்சுக்கான உத்தரவாதத்தை 7 ஆண்டு, 1 லட்சம் மைல் என்றும், அந்த மின்னணு மூளைக்கு 10 ஆண்டு, ஒன்றரை லட்சம் மைல் என்றும் நீட்டித்தது. ஆனால் கிளட்ச் உதறலுக்காக ரீகால் வரவில்லை. 2019-ல் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் என்ற நாளிதழ் நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் புரட்டி எடுத்து, குறை தெரிந்தேதான் விற்பனைக்கு விட்டார்கள் என்று எழுதியது. அந்த நகரம் ஃபோர்டு நிறுவனத்தின் சொந்த ஊர் மாதிரி. மாமனார் ஊர்ப் பத்திரிகையே மாப்பிள்ளையைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்!

இந்த ரீகால் என்ற சொல்லை ஒரு நிமிஷம் பிரித்துப் பார்க்கணும். நம்ம செய்தித்தாள்களில், 'இத்தனை ஆயிரம் கார்களை நிறுவனம் திரும்பப் பெறுகிறது' என்று போடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா அதைப் படிச்சுட்டு, 'சார், நம்ம வண்டியைத் திரும்ப எடுத்துக்கிறானாமே, பணம் எப்போ குடுப்பான்?'னு கேட்டாங்க. திரும்பப் பெறுவதும் இல்லை, பணம் தருவதும் இல்லை. கூப்பிடுவார்கள். நீங்கள் போகணும். ஒரு பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள். 'திரும்ப அழைத்தல்' என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆனா அந்த அழைப்புக்கு ஒரு பெருமை உண்டு. அது தயாரித்தவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஒப்புதல். 'தப்பு எங்க பக்கம், நீங்க நல்லாத்தான் ஓட்டினீங்க' என்று ஊரறியச் சொல்வது. அமெரிக்காவில் 1966-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் உயிருக்கு ஆபத்தான பழுதுக்குத்தான். உதறுகிறது, இழுக்க மாட்டேங்குது என்றால், 'இது பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, சௌகரியப் பிரச்சினை' என்று நழுவ வழி இருக்கிறது. கியர்பெட்டி வழக்குகள் எல்லாம் இந்த இடுக்கில்தான் மாட்டிக்கொள்கின்றன.

சீனாவில் நடந்ததையும் சொல்லணும். நாம தொலைக்காட்சி மேடையில நிற்கிறதால கூடுதல் சந்தோஷம். அங்கே ஒவ்வொரு வருஷமும் மார்ச் 15, நுகர்வோர் உரிமை நாள் அன்று அரசுத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. 2013-ல் அந்த மேடையில் ஃபோக்ஸ்வேகன் கார்களின் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டியை அலசிவிட்டார்கள். ஓட்டும்போது இழுவை போகிறது என்று வண்டிக்காரர்களே வந்து பேசினார்கள். சில நாட்களில் 3,84,181 வண்டிகளுக்கு ரீகால்! ஓட்டுபவர்தான் காரணம் என்றால், அத்தனை லட்சம் பேருக்கும் ஒரே நாளில் ஓட்ட மறந்துபோச்சா? எதிரணித் தம்பி பதில் சொல்லட்டும். (கைதட்டல்)

ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுபவர் மேலும் தப்பு இருக்கும். சாதாரண கியர் வண்டியில் பாதிக் கிளட்சை மிதித்துக்கொண்டே ஏற்றத்தில் நிற்பவர்கள் உண்டு. இடது காலைக் கிளட்ச் மேலேயே குடிவைத்தவர்கள் உண்டு. நானும் ஒருத்தன். அந்தத் தேய்மானத்துக்குக் கம்பெனியைக் கேட்க முடியாது. உலர்ந்த இரட்டைக் கிளட்ச் வண்டியையும் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு நகர்த்தினால் அதுக்கு நல்லது. சரி. ஆனா அதை விற்கும்போதல்லவா சொல்லணும்? 'ரெண்டே மிதி, மீதியெல்லாம் வண்டி பார்த்துக்கும்' என்று சொல்லி விற்றுவிட்டு, வாங்கினவர் அதை நம்பி ஓட்டினால், நம்பினது குற்றமா?

இந்தப் பவர்ஷிஃப்ட் நமக்கும் அந்நியமில்லை. 2013-ல் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் தயாராகி வந்த ஈக்கோஸ்போர்ட்டின் பெட்ரோல் ரகம் ஒன்றில் இரட்டைக் கிளட்ச் பெட்டிதான் இருந்தது. 2017 நவம்பரில் புதுப்பித்து வந்தபோது அந்த இடத்தில் பழைய டார்க் கன்வெர்ட்டர் வந்து உட்கார்ந்தது. அந்த ஆலையில் கார் தயாரிப்பு 2022-ல் நின்றது வேறு கதை.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? 2012-லிருந்து ரீகால் என்பது நிறுவனங்கள் தாங்களாகவே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 ஏப்ரல் 1 முதல், 7 ஆண்டுக்குட்பட்ட வாகனத்தில், ஓட்டுபவருக்கோ சாலையில் போகிறவருக்கோ ஆபத்து தரும் குறை இருந்து, போதிய எண்ணிக்கையில் புகாரும் வந்தால், அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். பழுது நீக்கலாம், வேறு வண்டி தரலாம், முழு விலையையும் திருப்பித் தரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கவனிக்கணும், 'போதிய எண்ணிக்கையில் புகார்'. நாம என்ன செய்யறோம்? திண்ணையில புகார் சொல்றோம், டீக்கடையில புகார் சொல்றோம், எழுத வேண்டிய இடத்தில மட்டும் எழுதறதில்லை.

தாய்மார்களே, ஒன்று மட்டும் மறக்காதீங்க. சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டு என்று ஒரு தாள் எழுதுவார்கள். அவர்கள் 'ஜெனரல் செக்கப்' என்று கிறுக்கினால் கையெழுத்துப் போடாதீங்க. 'ஏற்றத்தில் உதறுகிறது, இழுவை போய்விடுகிறது, இத்தனை முறை நடந்தது' என்று நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். பிரதியை வாங்கி, கல்யாணப் பத்திரிகையை வைக்கிற மாதிரி பத்திரமாக வையுங்கள். நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் செல்போனில் படம் எடுத்து வைக்கட்டும். ஒட்டிக்கொண்டு வருகிறவர் எடுக்கணும், ஓட்டுறவர் இல்லை! நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் நம் கண்ணீர் சாட்சி ஆகாது. அந்தத் தாள்தான் சாட்சி.

சாட்சி என்றதும் எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வருது. தமிழ் வாத்தியாரை மேடையில ஏத்திட்டு அது வராமப் போகுமா? கண்ணகி அரசவையில் போய் என்ன கேட்டாள்? அழுது காட்டி இரக்கம் கேட்கவில்லை. என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான். உடைத்துக் காட்டினாள். மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் என்ன செய்தான்? 'அம்மா, உனக்குச் சிலம்பு போடத் தெரியவில்லை' என்றா சொன்னான்? (பலத்த சிரிப்பு) தப்பு தன்னுடையது என்று அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டான். உயிரையே விட்டான். கார் கம்பெனிக்காரர்களை நான் உயிரை விடச் சொல்லவில்லை, ஐயா. கியர்பெட்டியை எங்கள் கண்ணெதிரே திறந்து பார்த்துட்டு, உள்ளதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் கதையை முடிச்சிடுறேன். மூணாவது தடவை வண்டியை விட்டப்போ, டை கட்டின தம்பி இல்லை. பின்பக்கக் கொட்டகையில் கையெல்லாம் கிரீஸோட ஒரு சின்னப் பையன். சுற்றுமுற்றும் பார்த்துட்டு மெதுவாச் சொன்னான்: 'சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இந்த மாடல் இந்த மாசம் மட்டும் ஏழாவது வண்டி. உங்க மேல ஒண்ணும் இல்லை சார்.' நடுவர் அவர்களே, அந்தப் பையன் ஒரு பாகத்தையும் மாத்தலை. ஒரு பைசா தள்ளுபடி பண்ணலை. ஆனா எனக்குப் பாதி நோய் அங்கேயே தீர்ந்துபோச்சு. பிறகு உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கிளட்சை மாத்திக் குடுத்தாங்க. காரணம் கேட்டேன். எழுதித் தர மாட்டோம்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்து சந்தோஷமாச் சொன்னேன். 'தெரியுமா? நம்ம மேல தப்பே இல்லையாம். வண்டியிலதான் கோளாறாம். அந்தப் பையனே சொல்லிட்டான்.'

என் மனைவி கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. தலையை நிமிர்த்தாமலே கேட்டாங்க: 'அந்தப் பையன் உங்ககிட்ட சொல்லிட்டான். நீங்க என்கிட்ட எப்போ சொல்லப் போறீங்க?'

(சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

நடுவர் மணி அடிச்சுட்டார். அவங்க இதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அன்னிக்கு வாய் வரலை, இன்னிக்கு இத்தனை பேர் முன்னால சொல்லிடுறேன். நீ நல்லாத்தான் ஓட்டினேம்மா. தப்பு வண்டி மேல. அதுக்கப்புறம் என் மேல. வரும்போது சாவியை எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். திரும்பிப் போறப்போ நீயே ஓட்டு.